கூண்டில் ஆள் இருக்கும்போது

தென்மேட்டுப் பனிச்சுரங்கம், செவ்வாய்
வின்ச் அறைப் பதிவு
எழுதுபவர்: ஜெசிந்தா மோத்தா, இயக்கக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்

காலை 7.40

வின்ச் வடத்தில் இறக்கிய கூண்டு கிணற்றின் அடியைத் தொட்டது. பிரேக் சரி. வடம் சரி. உள்ளே இருவர்: பாறையியலாளர் தையல்நாயகி, மெக்கானிக் சாகுல் ஹமீது. பனிக்கட்டியில் மாதிரி எடுப்பதும் துளைப்பானின் தேய்ந்த தலையைக் கழற்றிக்கொண்டு வருவதும் இன்றைய வேலை. மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்துவிடுவார்கள். நிலையத்தில் மொத்தமே மூன்று பேர் என்பதால் இப்போது மேலே நான் மட்டும்.

கன்ட்ரோலரில் மூன்று புரோகிராம்கள் ஓட்டத்தில் இருக்கின்றன. புரோகிராம் ஒன்று கூண்டை ஏற்றி இறக்குகிறது. புரோகிராம் இரண்டு, வேகத்தையும், கூண்டு கிணற்று வாய்க்கு வந்ததும் நிறுத்தச் சொல்லும் உச்சி சுவிட்சையும் கவனிக்கிறது. புரோகிராம் மூன்று, ஆன்டெனாவைப் பூமியின் பக்கமே திருப்பி வைத்திருக்கிறது.

குறை ஒன்று. வடத்தின் இழுவையை அளக்கும் சென்சார் மறுபடி பொய் சொல்கிறது. வெறுங்கூண்டைக் கழற்றித் தரையில் வைத்தபோதும் முழுச் சுமை காட்டியது. இணைப்பில் உறைபனி ஏறியிருக்கிறது. மாற்றுச் சென்சார் வரப்போகும் சரக்குக் கப்பலில் இருக்கிறது. பூமிக்கு மூன்றாம் முறையாக எழுதியாயிற்று.

அடுத்து இந்த நாற்காலியில் உட்காருபவருக்கு: சென்சார் சொல்வதை நம்பாதீர்கள். வடத்தை நம்புங்கள்.

காலை 10.55

கூண்டு பாதி வழியில் நிற்கிறது. நான் நிறுத்தவில்லை.

கழற்றிய துளைப்பான் தலையை அவர்கள் கூண்டில் கட்டித் தொங்கவிட்டபோது சென்சார் ஒரு நொடி எகிறியது. அந்த எண் பூமிக்குப் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு கால் மணி. அங்கே கண்காணிப்பு இயந்திரம் அதைப் பார்த்து ‘ஸ்டாப்’ என்று ஒரு சொல் அனுப்பியது. அது இங்கே வர இன்னொரு கால் மணி. அதற்குள் கூண்டு நல்லபடியாகக் கிளம்பி, நல்லபடியாக ஏறிக்கொண்டிருந்தது. அரை மணிக்கு முன் நடந்த ஒன்றைப் பார்த்து, இப்போது ஏறிக்கொண்டிருப்பவர்களை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்டாப் கிடைத்ததும் புரோகிராம் ஒன்று தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. வேகத்தைக் குறைத்தது, நின்றது, பிரேக்கைப் போட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர ‘ரெஸ்யூம்’ வேண்டும். போன அப்டேட்டுக்குப் பிறகு ரெஸ்யூம் பூமியிலிருந்து மட்டும்தான் வரும். நான் அடித்தால் திரையில் ‘அனுமதி இல்லை’ என்று வருகிறது.

சென்சாரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லி ரெஸ்யூம் கேட்டு அனுப்பினேன். கூண்டுக்கும் சொன்னேன். சாகுல் காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். எனக்குத் தூத்துக்குடி. இவ்வளவு தூரம் வந்தும் பக்கத்து ஊர்க்காரர்களாகவே இருக்கிறோம். அவர் வயர்லெஸ்ஸில் சொன்னது:

“நாங்க நல்லாத்தான் இருக்கோம் ஜெசி. உன் கம்பெனிக்காரவங்க டீ குடிச்சு முடிச்சாச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லு.”

காலை 11.35

பூமியிலிருந்து பதில். பேசியவர் பணியில் இருக்கும் கட்டளை அலுவலர் கோமதிநாயகம். இந்தக் குரலை இரண்டு வருடமாகக் கேட்கிறேன். முகம் பார்த்ததில்லை.

“மேடம், உங்க மெசேஜ் கிடைச்சுது. சென்சார் கெட்டுப்போச்சுன்னு நீங்க சொல்லுதீங்க. இங்க ஸ்க்ரீன்ல வடம் அறுந்துபோற அளவுக்கு இழுவை காட்டுது. பாதுகாப்புக் குழுவைக் கூட்டியிருக்காங்க. அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க.”

குழுவின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வடம் அறுந்தால் அதைத் தாங்கும் கோபுரமும் சேர்ந்து கிணற்றுக்குள் போகும். இந்தக் கிணறு இல்லையென்றால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் திரும்பும் கப்பல்களுக்கு எரிபொருள் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் கிணற்றின் நடுவே தொங்கும் இரண்டு பேர் எந்த வரியில் வருகிறார்கள் என்று கேட்டு அனுப்பினேன்.

பகல் 12.20

கூண்டு அசையவில்லை. கிணற்றுச் சுவர் முழுக்கப் பனி. ஏணி கிடையாது, ஏறி வரவும் முடியாது. அவர்கள் போட்டிருக்கும் உடைகள் அரை நாள் வேலைக்கானவை. காற்று நாலு மணிக்குக் கொஞ்சம் தாண்டும் வரை வரும். சூடு அவ்வளவு நேரம் வராது. வேலை செய்துகொண்டிருந்தால் உடம்பே பாதிச் சூட்டைக் கொடுக்கும். சும்மா நிற்பவர்களைக் குளிர் தின்றுவிடும்.

தையல்நாயகியின் உடையில் ஹீட்டர் மக்கர் செய்கிறது. அவள் அதைச் சொல்லவில்லை. பற்கள் தந்தியடிப்பது வயர்லெஸ்ஸில் கேட்டது. நானாகக் கேட்டதும்தான் சொன்னாள். மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண், அழுத்தக்காரி.

குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

பகல் 1.05

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

குழு என் கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது. அதன் பின்னாலேயே கட்டளையும் வந்தது. ஆனால் வந்தது ரெஸ்யூம் இல்லை. ‘ஸ்டார்ட்.’

புரோகிராம் ஒன்றுக்கு ஸ்டார்ட் என்றால் முதல் வரியிலிருந்து. முதல் வரி, கூண்டு எங்கே இருக்கிறது என்ற நிலைக்கணக்கைப் பூஜ்யமாக்கு என்கிறது. இரண்டாவது வரி, கூண்டை அடிமட்டத்துக்கு இறக்கி அங்கிருந்து அளக்கத் தொடங்கு என்கிறது. தினமும் காலையில் வெறுங்கூண்டை இறக்கிப் பார்ப்பதற்காக எழுதப்பட்ட வரிகள். பிரேக் திறந்தது. கூண்டு கீழே போகத் தொடங்கியது.

“ஜெசி, கீழ போகுது. நீயா இறக்குறே?”

சாகுல் காக்கா கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். நான் ஸ்டாப் அடித்தேன். ஸ்டாப் அடிக்க மட்டும் எல்லோருக்கும் அனுமதி உண்டு. கூண்டு நின்றது. எவ்வளவு இறங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை; கணக்கு அழிந்துவிட்டது. சுவரில் சாகுல் காக்கா முன்பு அடித்து வைத்த வெள்ளைக் கோடுகளை அவரே எண்ணிப் பார்த்துச் சொன்னார். காலையில் ஏறியதில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

பூமிக்கு அனுப்பியது, அப்படியே: “ஸ்டார்ட் வேற, ரெஸ்யூம் வேற. நீங்க அனுப்புன ஒரு சொல்லுல ரெண்டு பேரையும் திரும்பக் கிணத்தடிக்கே அனுப்பப் பாத்தீங்க. எனக்கு ரெஸ்யூம் கூட வேண்டாம். கட்டுப்பாட்டுச் சாவியை எங்கிட்ட குடுங்க. நான் ஏத்திக்கிறேன்.”

பகல் 1.45

சாவி வரவில்லை. தீர்ப்பு வந்தது. கூண்டு ‘எதிர்பாராத விதமாக’ இறங்கியதை அவர்கள் திரையில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இயந்திரம் நம்பத்தக்கதல்ல. ஆகவே நாளைக் காலை நிபுணர்கள் கூடிப் பார்க்கும் வரை ஒன்றும் ஓடக்கூடாது. அதை உறுதிப்படுத்த நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் தானாகவே வந்துகொண்டிருக்கும்.

அவர்கள் தவறாக அனுப்பிய கட்டளைக்கு இயந்திரம் கீழ்ப்படிந்தது. அதற்காக இயந்திரத்தின் மேல் பழி.

கோமதிநாயகத்தின் குரல் மாறியிருந்தது. “நாளைக்குக் காலைன்னு சொல்லச் சொன்னாங்க மேடம். அவங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்குன்னு நான் எடுத்துச் சொன்னேன். சொல்லாம இல்ல.”

நாளைக் காலை என்றால் என்ன அர்த்தம் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அந்த அர்த்தத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லாதபடி வாக்கியத்தை அமைத்திருக்கிறார்கள்.

சரி. நான் கேட்டாயிற்று. இனிக் கேட்கப் போவதில்லை.

பகல் 2.15

புரோகிராம் நான்கு என்று ஒன்று எழுதினேன். ஆறே வரி. கணக்கைத் தொடாதே, கீழே போகாதே, நிற்கும் இடத்திலிருந்து மேலே ஏறு. புதிதாக எழுதவும் ஸ்டார்ட் பண்ணவும் எனக்கு அனுமதி இருக்கிறது. அதை எடுக்க மறந்துவிட்டார்கள்.

ஸ்டார்ட். ஏறியது. பூமியின் ஸ்டாப் வந்தது. நின்றது. ஸ்டார்ட். ஏறியது. ஸ்டாப். நின்றது. ஸ்டார்ட்.

இப்படிக் கொஞ்ச நேரம். நான் ஒரு பக்கம், ஒரு முழுக் கோள் மறுபக்கம், நடுவில் வடம். சில ஸ்டாப்கள் கூண்டு வேகம் பிடிக்கும் நேரமாகப் பார்த்து விழுந்தன. ஒவ்வொரு தடவையும் கூண்டு குலுங்கியது. கடைசிக் குலுக்கலில் தொங்கிக்கொண்டிருந்த துளைப்பான் தலை ஊசலாடிச் சுவரில் மோதியது.

“நிப்பாட்டு புள்ள,” என்றார் சாகுல் காக்கா. “சென்சார் சொல்றது பொய்தான். ஆனா இப்படியே இழுத்தா நாமளே அதை உண்மையாக்கிருவோம்.”

நிப்பாட்டினேன். அவர் சொன்னது சரி. துளைப்பான் தலையை அறுத்துவிடச் சொன்னேன். அறுத்தார். அது அடியில் விழும் சத்தத்தை இருவரும் காத்திருந்து கேட்டிருக்கிறார்கள். தையல் அப்புறமாகச் சொன்னாள்:

“தன் பேட்டரிக் கம்பிய எடுத்து என் சூட் ஹீட்டர்ல மாட்டிட்டாரு ஜெசி. சொன்னாக் கேக்க மாட்டேங்குறாரு. நீ சொல்லு அவர்கிட்ட.”

சொன்னேன். என் பேச்சையும் அவர் கேட்கவில்லை.

பகல் 2.40

யோசித்ததை எழுதி வைக்கிறேன். நான் தோற்றால் அடுத்தவருக்கு உதவும்.

ஸ்டாப் என்ற கட்டளை கூண்டின் புரோகிராம்களை நிறுத்தும். புரோகிராம் கிளப்பிய அசைவையும் நிறுத்தும். ஆனால் எந்தப் புரோகிராமும் இல்லாமல், மோட்டாரிடமே நேராக ‘இந்த வேகத்தில் மேலே போ’ என்று சொன்னால் அது யாருடைய அசைவும் இல்லை. பராமரிப்பு நாட்களில் வடத்துக்குக் கிரீஸ் போட இப்படித்தான் சுற்றுவோம். அதற்கு ‘ஜாக்’ என்று பெயர். ஸ்டாப் வந்து தேடும், நிறுத்த ஒரு புரோகிராமும் ஓடிக்கொண்டிருக்காது, போய்விடும்.

ஆபத்தும் அங்கேதான். காவலுக்கு இருந்த இரண்டாம் புரோகிராமும் ஸ்டாப்பில் செத்துக் கிடக்கிறது. உச்சி சுவிட்சைப் பார்க்க யாரும் இல்லை. நிலைக்கணக்கும் அழிந்துவிட்டது. கூண்டு கிணற்று வாய்க்கு வந்த பிறகும் மோட்டார் இழுத்துக்கொண்டே இருக்கும். கூண்டு கோபுரத்து உச்சிக் கப்பியில் போய் நசுங்கும். நிறுத்துவதற்கு இருப்பவள் நான் மட்டும். சாகுல் காக்கா சுவர்க் கோடுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வரவேண்டும்.

அதனால் வேகத்தைக் குறைத்து வைக்கிறேன். குலுக்கல் பட்ட வடத்துக்கும் அதுதான் நல்லது. ஏறி முடிக்க நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். பூமி இதைப் பார்த்து, புரிந்து, பதில் அனுப்ப அரை மணிக்குக் கொஞ்சம் கூட. கணக்கு எனக்குச் சாதகமாக இல்லை. தெரிந்துதான் செய்கிறேன்.

ஜாக் கொடுத்துவிட்டேன்.

பகல் 2.50

ஏறுகிறது. நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் வருகிறது. திரையில் ‘நிறுத்த எதுவும் இல்லை’ என்று பதில் விழுகிறது. இந்த வரியை நான் இவ்வளவு ரசித்துப் படித்ததில்லை.

சாகுல் காக்கா கோடுகளை எண்ணுகிறார். ஒவ்வொரு கோட்டுக்கும் நான் ‘கேட்டது’ என்கிறேன். ஒரு கோட்டுக்கு அவர் சொல்லவில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன். தையல் அவர் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். பிறகு எண்ணினார், ஒன்றை விட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

பகல் 3.15

கோமதிநாயகம். முழுவதையும் எழுதுகிறேன், இது யாருக்காவது சாட்சியாகத் தேவைப்படலாம்.

“ஜெசிந்தா, கேட்டுக்கோங்க. புரோகிராம் இல்லாம கூண்டு ஏறுதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. ‘கில்’ அனுப்ப முடிவாயிருச்சு. பக்கத்து ரூம்ல கையெழுத்துப் போட்டுட்டு இருக்காங்க. நான்தான் டைப் பண்ணணும். எனக்கு டைப்பிங் எப்பவுமே மெதுவாத்தான் வரும். ஒரு அஞ்சு நிமிஷம் ஆகும்னு வைங்க. அதுக்கு மேல இழுக்க முடியாதும்மா.”

மேடம் என்று சொல்லவில்லை.

கில் என்பது வேறு சாதி. அது புரோகிராம், ஜாக் என்று பார்க்காது. மோட்டாருக்கு மின்சாரத்தை அறுக்கும். பிரேக்கை ஒரே அடியாக அறையும். இன்று முழுக்கக் குலுங்கிய வடம் அந்த அறையைத் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. தாங்கினாலும், கில்லுக்குப் பிறகு பூமி அனுமதிக்காமல் மோட்டாருக்கு உயிர் வராது. அவர்கள் அங்கேயே தொங்குவார்கள்.

கூண்டு மேலே வர இன்னும் பத்து நிமிடமாவது வேண்டும். இருப்பது ஐந்து.

கில் இப்போது எங்கோ வழியில் வந்துகொண்டிருக்கிறது. வருவதை யாராலும் தடுக்க முடியாது. காதைத் திருப்பிக்கொள்ள முடியும்.

ஆன்டெனாவைத் திருப்பினால் எங்களுக்குப் பூமி இல்லை. தொடர்பு அறுந்த நிலையத்துக்குக் கப்பல் இறங்காது. சுற்றுப்பாதையிலேயே நிறுத்தி வைப்பார்கள். எங்கள் சாப்பாடு அந்தக் கப்பலில்தான் இருக்கிறது. என் வேலை போகும், அது பெரிதில்லை. ஊர் திரும்பினால் விசாரணை, அதுவும் பெரிதில்லை. மூன்று பேரின் சாப்பாட்டை நான் தனியாக முடிவு செய்யலாமா என்று ஒரு நிமிடம் செலவழித்தேன். கூண்டில் கேட்டேன். தையல் சொன்னாள்:

“திருப்புடி. இதுக்கெல்லாம் கேப்பியா.”

பகல் 3.18

ஆன்டெனாவின் புரோகிராம் மூன்றை ஸ்டாப் தொடாது; அதை நானே நிறுத்தினேன். கோளின் சுழற்சியில் ஆன்டெனாக் கிண்ணம் தானாகவே மெல்ல விலகும். அதை நம்பிக் காத்திருக்க நேரமில்லை. இரண்டு அச்சுக்கும் நேரடிக் கட்டளை கொடுத்தேன். கிண்ணம் குப்புறக் கவிழ்ந்து தரையைப் பார்க்கிறது.

பூமியின் சிக்னல் விளக்கு அணைந்தது.

ஸ்டாப்கள் நின்றுவிட்டன. அறை அமைதியாக இருக்கிறது. மோட்டார் சத்தம் மட்டும்.

3.22

ஏறுகிறது. கோடு சொல்லும் குரல் தையலுடையது இப்போது. சாகுல் காக்கா உட்கார்ந்துவிட்டாராம். பேசுகிறார், ஆனால் கோடுகளைப் பற்றி இல்லை. கடற்கரையில் யாரோ வலையை மடிக்காமல் விட்டுப் போய்விட்டார்களாம். யாரென்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

3.25

தையல் ஐந்து கோடு பாக்கி என்றாள். அப்புறம் நான்கு. அப்புறம் மறுபடி ஐந்து என்றாள். அவளுக்கும் தலை சரியில்லை. எது உண்மை?

ஒரு கோட்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட இல்லை. தப்பாக எண்ணினால் கப்பி.

எழுதுவதை நிறுத்துகிறேன். கேமரா.

3.31

வந்துவிட்டார்கள்.

கோடுகளை விட்டுவிட்டேன். கிணற்று வாய்க் கேமராவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் இருட்டு. பிறகு சுவர்ப்பனியில் ஒரு மஞ்சள் கசிவு. பிறகு கூண்டு விளக்கு. பிறகு கூண்டின் கூரை, அதன் மேல் படிந்திருந்த பனித்தூள். விரல் விசையில் இருந்தது. இன்னும், இன்னும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கதவின் நிலைப்படி தரையோடு சேர்ந்ததும், வேகம் பூஜ்யம் என்று மோட்டாருக்கு நானே அடித்தேன். கண்ணால் பார்த்து அடித்தேன்.

கூண்டு நின்றது. போகிறேன். கதவைத் திறக்க வேண்டும்.

மாலை 5.50

இருவரும் உள்ளே. தையல் கம்பளிக்குள் இருக்கிறாள். சூடாகக் குடிக்கக் கொடுத்ததை இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, மூன்றாவதை வைத்துக்கொண்டாள். காது நுனிகளில் கொப்புளம். பிழைத்துக்கொள்வாள்.

சாகுல் காக்காவுக்கு நினைவு வந்துவிட்டது. வலது கையில் மூன்று விரல்கள் கறுத்துவிட்டன. பேட்டரியைக் கொடுத்த பிறகு அதன் கம்பி கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டே நின்ற கை அது. விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்று தையல்தான் அவரிடம் சொன்னாள். எங்கள் மூவரில் மருத்துவப் பயிற்சி எடுத்தவள் அவள். மெக்கானிக்கின் வலது கை. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

“அவங்க அனுப்புன ஸ்டாப் எல்லாம் கணக்குல இருக்கா?”

இருக்கிறது என்றேன். ஒவ்வொன்றும், வந்த நேரத்தோடு.

“அழிச்சுராதே,” என்றார். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் வெளியே வந்து வின்ச் அறையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு வடத்தை முழுக்கச் சுற்றி எடுத்து, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். ஒரு இழைகூட அறவில்லை. அந்த வடம் இன்று முழுக்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள், காலை 8.30

சாகுல் காக்காவின் விரல்களைத் தையல் எடுத்துவிட்டாள். பூமியில் ஒரு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்திருக்கலாம். கேட்டுக்கொள்ளும் பூமி எங்களிடம் இல்லை.  முடித்த பிறகு கத்தியை அவளே கழுவி வைத்தாள்.

மூவரும் பேசினோம். ஆன்டெனாவை மறுபடி பூமியின் பக்கம் திருப்புவது, ஆனால் அதற்கு முன் ஒரு வேலை செய்துவிடுவது என்று முடிவாயிற்று. நான் கன்ட்ரோலரின் பின்பக்கத்தைத் திறந்து, பூமியிலிருந்து வரும் கட்டளைக் கம்பியை உருவிவிட்டேன். இனி அங்கிருந்து வருவதெல்லாம் இந்தத் திரையில் எழுத்தாக விழும். கூண்டின் மோட்டாருக்குப் போகாது. அதற்கு ஸ்டார்ட் சொல்வதும் ஸ்டாப் சொல்வதும் இந்த அறையில், கூண்டைக் கண்ணால் பார்க்கும் தூரத்தில் இருப்பவர் மட்டும்.

பிறகு கிண்ணத்தை நிமிர்த்தினேன்.

காலை 9.40

கிண்ணம் கவிழ்ந்திருந்தபோது அனுப்பியதையெல்லாம் பூமி திரும்ப அனுப்பியிருந்தது; செய்திகள் குவிந்திருந்தன. சாரம்:

நிலையம் கட்டுப்பாட்டை மீறியதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. என் பொறுப்புகள் ரத்து. கில் கட்டளையைத் தாமதித்ததற்காகக் கோமதிநாயகம் பணியிலிருந்து நீக்கம். கட்டுப்பாட்டை உடனே ஒப்படைக்க வேண்டும். அதுவரை சரக்குக் கப்பல் இறங்காது. கூண்டில் இருந்தவர்களின் நிலை என்ன என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறார்கள்.

கோமதிநாயகம் போகும்முன் அனுப்பிய ஒன்றும் இருந்தது. பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கிறது அதில்.

“ஏறிட்டாங்களான்னு தெரியாமலே வீட்டுக்குப் போறேன். ஏறியிருப்பாங்கன்னு நெனச்சுக்கிடுதேன்.”

அவருக்கு யாராவது சொல்வார்களா? இந்தப் பதிவை வாசிப்பவர் பூமியில் இருந்தால், தயவுசெய்து அவரைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள். ஏறிவிட்டார்கள்.

காலை 11.00

எங்கள் பதிலை மூவரும் சேர்ந்து பேசிப் பத்து மணிக்கு அனுப்பினோம். என் குரலில்தான் போயிருக்கிறது.

“கட்டுப்பாட்டைத் தர மாட்டோம். கூண்டுல ஆள் இல்லாதப்போ நீங்க எதை வேணும்னாலும் நிறுத்துங்க, கேட்டாச் செய்றோம். ஆள் இருக்கும்போது நிறுத்துறது இங்க இருக்குறவங்க வேலை. கப்பலை நிறுத்தி வைக்கிறதா இருந்தா வைங்க. அது திரும்பி வர்றதுக்கான எரிபொருள் எங்க தண்ணியிலிருந்துதான் வரணும். எங்ககிட்ட ஒரு மாசத்துக்குச் சாப்பாடு இருக்கு. பாதிப் பாதியா சாப்பிட்டா ரெண்டு மாசம். நாங்க பாதிப் பாதியா சாப்பிட ஆரம்பிச்சாச்சு. நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குத் தையல்நாயகி கீழே இறங்குவாங்க. துளைப்பானுக்கு வேற தலை மாட்டணும். கூண்டுல ஆள் இருக்கும். இதை முன்கூட்டியே சொல்றோம்.”

சாகுல் காக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கையில் கட்டு. முடிந்ததும், ‘மாட்டோம்’ என்ற இடத்தை இன்னும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லியிருக்கலாம் என்றார்.

பதில் வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. பதில் இல்லை.

மறுநாள், காலை 9.00

தையல்நாயகி கூண்டில். ஹீட்டர் புதிது. இரண்டு பேட்டரி. இறங்குவதற்கு முன், பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். கதவை அவளே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

துளைப்பானை இங்கிருந்து ஓட்டும் வேலை சாகுல் காக்காவுடையது. இடது கையால் பழகிக்கொண்டிருக்கிறார். நான் வின்ச்சில்.

ஸ்டார்ட்.

9.03

கூண்டு இறங்குகிறது. வேகம் சரி. பிரேக் சரி. வடம் சரி.

பூமியிலிருந்து திரையில்: ஸ்டாப்.

கூண்டு இறங்கிக்கொண்டிருக்கிறது.

9.04

ஸ்டாப். கூண்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. தையல் கோடுகளை எண்ணுகிறாள். நான் கேட்டது, கேட்டது என்கிறேன்.

9.05

ஸ்டாப்.

9.06

கில்.

நேரம் சொல்லித்தான் அனுப்பினோம். கூண்டில் ஆள் இருக்கும் என்றும் சொல்லித்தான் அனுப்பினோம். இது பழைய செய்தியைப் பார்த்து அனுப்பியதில்லை. தெரிந்தே அனுப்பியிருக்கிறார்கள். சாகுல் காக்கா எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.  நின்றுகொண்டே இருக்கிறார்.

இதையும் நேரத்தோடு பதிகிறேன்.

கூண்டு இறங்கிக்கொண்டிருக்கிறது.